கப்பலுக்குக் காத்திருந்த நாடும் சி.எஸ்ஸும்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவன் நான். 1960களின் முற்பகுதியில் அங்கிருந்த ஓராசிரியர் பள்ளியில் படித்தேன். மதிய உணவுக்கு ஒருநாள் சோளமாவுக் கஞ்சி, இன்னொருநாள் கோதுமை ரவை உப்புமா, காலையில் பால் பவுடர் கரைத்த பால். மாவு வந்த மூட்டைகளிலும் எண்ணெய் வந்த தகர டின்களிலும் இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் சின்னம் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று எங்களுக்குத் தெரியாது. அமெரிக்கா மாவு என்ற பெயர் மட்டும் தெரியும். காலியான சாக்குகளைத் துவைத்துப் பைகளாகத் தைத்துக்கொண்டார்கள். அந்தக் கைகளைத் தோளில் தொங்கவிட்டபடி காப்பிக்கொட்டை பறிக்கப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாமைச் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் தவிர வேறெதையும் உணவென்று ஒப்புக்கொள்ளாத என் பாட்டிக்கு இந்த மாவின் மீது தீராத சந்தேகம் இருந்தது. முகம் தெரியாத ஒருவன், கடல் தாண்டி இருப்பவன், எதற்காக நம் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசிரியருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. பாட்டியின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது, சி.சுப்பிரமணியத்தின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதே கேள்வியை இந்தியாவின் சார்பில் அமெரிக்காவின் முன் நின்று எதிர்கொள்ள நேர்ந்தவர் அவர்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்ததும், அதே ஆண்டு ஜூலையில் அந்த உதவிகளை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையாண்டுவந்த யுஎஸ்எய்டு அமைப்பு மூடப்பட்டதும் உலகெங்கும் விவாதிக்கப்பட்டன. உதவி என்பது கொடுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கே அவசியம் என்று ஒரு தரப்பு வாதிட்டது. அது வீண்செலவு என்றது மறுதரப்பு. வாங்கும் நாட்டின் பாதுகாப்பு என்ன ஆகிறது என்று கேட்டவர்கள் குறைவு. சி.எஸ்ஸை இப்போது நினைவுகூர அதுவே காரணம்.

பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் சி.எஸ். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார், பிறகு சட்டம். சட்டமறுப்பு இயக்கத்திலும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் சிறை சென்றார். கோவையில் வழக்கறிஞராக இருந்தார். அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். இந்த விவரங்களில் அவருடைய தலைமுறைத் தலைவர்கள் பலருக்கும் பொருந்தக்கூடியவை அதிகம். அவரைத் தனித்துக் காட்டியது, எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் குணம். 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். 1954இல் ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். தன்னை எதிர்த்தவரைக் காமராஜர் அமைச்சரவையை விட்டு விலக்கவில்லை. நிதியும் கல்வியும் அவர் கையிலேயே தொடர்ந்தன.

இன்று காமராஜரின் பெயரோடு இணைத்து நாம் போற்றும் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியபோது, அதற்கான பணத்துக்கும் பள்ளிக்கும் பொறுப்பான அமைச்சர் சி.எஸ். முதலில் ஊர்மக்களின் நன்கொடை, பிறகு அரசின் நிதி, 1961 முதல் கேர் நிறுவனம் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் என்று அத்திட்டம் வளர்ந்தது. எங்கள் மலைப் பள்ளிக்கு அந்த மூட்டைகள் வந்து சேர்ந்த கதை இதுதான். அது எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. உதவி என்றாலே சூழ்ச்சி என்று பேசுகிறவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடியாததற்கு அந்தப் பாலும் ஒரு காரணம். பசியோடு மலைப்பாதையில் நடந்து வரும் பிள்ளைக்குக் குவளையில் இருப்பது பால் மட்டுமே.

ஆனால், குவளைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1954இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பொதுச் சட்டம் 480, சுருக்கமாக பி.எல்.480. அமெரிக்க உழவர்கள் விளைவித்துக் குவித்த உபரி தானியத்தைத் தேவைப்படும் நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்க அது வழிசெய்தது. டாலர் பஞ்சத்தில் இருந்த இந்தியாவுக்கு இது பெரும் வாய்ப்பு. 1956இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1960இல் உணவு அமைச்சர் எஸ்.கே.பாட்டீல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் பெறும் மாபெரும் ஒப்பந்தத்தைச் செய்துவந்தார். ஆலைகளுக்கும் அணைகளுக்கும் பணம் வேண்டும், உணவுக்கு அமெரிக்கா இருக்கிறது என்ற மனநிலை டெல்லியில் மெல்லப் படிந்தது. மலிவாகக் கிடைத்த கோதுமை நம் உழவருக்குக் கிடைக்க வேண்டிய விலையையும் கீழே இழுத்தது.

1962 தேர்தலில் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குச் சென்ற சி.எஸ்ஸுக்கு நேரு உருக்குத் துறையைக் கொடுத்தார். உதவிக்குள் இருக்கும் முடிச்சை அவர் முதலில் தொட்டுப் பார்த்தது இங்கேதான். பொகாரோவில் ஓர் உருக்காலை அமைக்க அமெரிக்காவின் உதவியை இந்தியா நாடியது. அதிபர் கென்னடிக்கு அதில் விருப்பம் இருந்தது. ஆனால், வெளிநாட்டு உதவிகளை ஆராய அவரே ஜெனரல் லூசியஸ் கிளே தலைமையில் ஒரு குழுவை அமைத்திருந்தார். சுதந்திர உலகின் பாதுகாப்பை வலுப்படுத்துவதற்கான குழு என்பது அதன் பெயர். உதவியைப் பற்றி ஆராயும் குழுவின் பெயரில் உதவி என்ற சொல்லே முன்னால் நிற்கவில்லை, பாதுகாப்பு நின்றது. என் பாட்டியின் கேள்விக்கு அமெரிக்கா அளித்த நேர்மையான பதில் அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தனியார் தொழிலோடு போட்டியிடும் அரசு ஆலைகளுக்கு உதவக் கூடாது என்று 1963இல் அக்குழு பரிந்துரைத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வலுத்தது. இந்தியா தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பொகாரோவுக்குச் சோவியத் ஒன்றியம் உதவ முன்வந்தது.

இதே காலத்தில் எங்கள் மலையும் இந்தக் கணக்குக்குள் வந்தது. இத்தாலிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு மேட்டூரில் எழுந்த அலுமினிய ஆலைக்கு மூலப்பொருள் சேர்வராயன் மலையின் பாக்சைட். தொழில்நுட்பம் கடல் கடந்து வரும், மண் நம் காலடியில் இருக்கும். அந்தச் சுரங்கக் குழிகள் தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே வேண்டாம்.

1964 ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, சி.எஸ்ஸை உணவு, வேளாண்மைத் துறைக்கு மாற்றினார். அரசியல்வாதிகளின் புதைகுழி என்று அஞ்சப்பட்ட துறை அது. சி.எஸ். அதற்குள் இறங்கிய விதம் புதிதாக இருந்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகத்தை நிறுவினார். விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் முதல்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி.பால், அமர்த்தப்பட்டார். வேளாண் செயலராக பி.சிவராமன் வந்தார். ஆய்வுக்கூடத்தில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் இருந்தார். நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை இந்திய மண்ணில் எடுப்பாக விளையும் என்று அவர்கள் சொன்னதைச் சி.எஸ். நம்பினார். நம்புவதற்கு முன்பு கணக்குப் போட்டும் பார்த்திருப்பார். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விதை, உரம், நீர், விலை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் விளைச்சல் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடையில், 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தபோது, ஓ.வி.அளகேசனோடு சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தார். விலகல் ஏற்கப்படாமல், அவர் பணியைத் தொடர்ந்தார். அன்று அவர் போயிருந்தால் பின்னால் நடந்தவை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த ஆண்டின் கோடையில் பி.எல்.480 ஒப்பந்தம் காலாவதியானது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்ட ஒப்பந்தத்துக்கு உடன்படவில்லை. ஓரிரு மாதங்களுக்குத் தேவையான அளவு மட்டும் கோதுமை அனுப்பினார். அடுத்த தவணைக்கு இந்தியா மறுபடியும் அவர் வாசலில் நிற்க வேண்டும். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அமெரிக்க அதிகாரிகளும் ஏறக்குறைய அதே பெயரைத்தான் இந்தக் கொள்கைக்கு வைத்திருந்தார்கள். மழையும் கைவிட்டது. 1964-65இல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது.

அப்போதுதான் போர் வந்தது. 1965 ஆகஸ்ட், செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், நம் வீரர்கள் எதிர்கொண்ட பேட்டன் டாங்கிகள் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ராணுவ உதவியாகக் கொடுத்தவை. கம்யூனிசத்தைத் தடுக்கக் கொடுக்கப்பட்ட ஆயுதம் பஞ்சாபின் கோதுமை வயல்களை நோக்கி வந்தது. போர் தொடங்கியதும் இரு நாடுகளுக்கும் அமெரிக்கா ராணுவ உதவியை நிறுத்தியது. புதிய பொருளாதார உதவியும் நின்றது. கோதுமை மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. எல்லையில் சண்டை, துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பு. ஒரு நாட்டின் பாதுகாப்பு எத்தனை இடங்களில் உடையக்கூடும் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின. திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்கும்படி சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். போர்வீரனையும் உழவனையும் ஒரே மூச்சில் வாழ்த்தும் அவருடைய முழக்கம் பிறந்தது அந்த நாட்களில்தான். அதைத் தேசபக்தி முழக்கமாகவே இன்று கேட்கிறோம். அதற்குள் இருந்த அச்சத்தை மறந்துவிட்டோம்.

அந்த நவம்பரில், ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் மாநாட்டுக்காக ரோம் சென்ற சி.எஸ்., அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்தார். இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு எழுத்தில் உருவானது. இந்தியா வேளாண்மைக்கு அதிக நிதி ஒதுக்கும், உர உற்பத்தியில் வெளிநாட்டுத் தனியார் முதலீட்டுக்கு வழிவிடும், புதிய விதைகளைப் பரப்பும். இவற்றின் அடிப்படையில் அமெரிக்கா கோதுமை அனுப்பும். இந்த உடன்பாடு வெளியே சொல்லப்படவில்லை. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் புதிய வேளாண் கொள்கையை அறிவித்த சி.எஸ்., வாஷிங்டன் சென்று ஜான்சனையும் சந்தித்தார்.

சி.எஸ்ஸை அமெரிக்காவின் கையாள் என்று இடதுசாரிகள் சாடியது இதற்காகத்தான். அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. ரோமில் அவர் ஒப்புக்கொண்டவற்றில் பெரும்பகுதி, அவர் ஓராண்டுக்கும் மேலாகச் சொந்த அமைச்சரவையிலேயே போராடிக்கொண்டிருந்த விஷயங்கள். உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒதுக்க நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தயங்கினார். திட்டக் குழுவிலும் எதிர்ப்பு இருந்தது. உள்நாட்டில் விழுந்த முட்டுக்கட்டையை அகற்ற வெளிநாட்டு நெருக்கடியை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பதே என் வாசிப்பு. அதேநேரம், மக்கள் பிரதிநிதிகளுக்குத் தெரியாமல் இன்னொரு நாட்டோடு ஓர் உடன்பாடு எழுதப்பட்டது என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நல்ல கொள்கையானாலும் சரி, அதைப் பேச வேண்டிய இடம் நாடாளுமன்றம். பிடிமானம் கையை விட்டுப்போன நாடு எதையெல்லாம் மறைக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் மறைந்தார். இந்திரா காந்தி பிரதமரானார். சி.எஸ். அதே துறையில் தொடர்ந்தார். அந்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதி செய்யப்பட்டது. அதுவரை எந்த நாடும் அவ்வளவு விதையை மொத்தமாக வாங்கியதில்லை. புதிய ரகத்தைச் சந்தேகித்தவர்களுக்குப் பதிலாக, டெல்லியில் தன் அரசு இல்லத்தின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார் சி.எஸ். அமைச்சர் வீட்டுத் தோட்டத்தில் கதிர் முற்றிய செய்தி அறிக்கைகளைவிட வேகமாகப் பரவியது.

ஆனால், விதை பயிராவதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுத்தவை அமெரிக்கக் கப்பல்கள்தான். 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. அதில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது. அது இல்லாமல் அன்றைய வறட்சியை, குறிப்பாக பிஹாரின் கொடுமையை, நாடு தாங்கியிருக்குமா என்பது ஐயமே. உதவியைச் சபிப்பவர்கள் இந்தக் கணக்கைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். விலையும் கொடுத்தோம். ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயானது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் ஜான்சன் எரிச்சலடைந்தார். ஆண்டின் பிற்பாதியில் தானிய ஒப்புதல்கள் மீண்டும் தாமதமாயின. அயலுறவில் நாம் சொல்லும் ஒரு வாக்கியம், பாட்னாவில் ஒரு ரேஷன் கடையின் இருப்பைத் தீர்மானித்த காலம் அது. ஆயுதங்களை எண்ணி மட்டும் பாதுகாப்பை அளப்பவர்கள் இந்த ஒரு வருடத்தை விரிவாகப் படிக்க வேண்டும்.

சி.எஸ். இந்தக் காலத்தில் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கை நீட்ட வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. நீட்டிய கையை மடக்கும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு நீட்டினார். பாட்டீலின் ஒப்பந்தத்துக்கும் சி.எஸ்ஸின் உடன்பாட்டுக்கும் வேறுபாடு அதுதான். முன்னதில் தானியம் வந்தது, உழவு அப்படியே இருந்தது. பின்னதில் தானியத்தோடு விதையும் உரமும் விலையும் கொள்முதலும் சேர்ந்து வந்தன. சென்னைக்கு அருகே மணலியில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கூட்டோடு உர ஆலை தொடங்கப்பட்டதும் அந்த வழியில்தான்.

1967 தேர்தலில் கோபிசெட்டிப்பாளையம் தொகுதியில் சி.எஸ். தோற்றார். விருதுநகரில் காமராஜர் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து தமிழ்நாட்டில் காங்கிரஸைச் சாய்த்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி எங்கள் மலை வரைக்கும் ஏறி வந்தது நினைவிருக்கிறது. நாட்டின் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க விதை போட்டவரை அந்தப் பஞ்சமே வீட்டுக்கு அனுப்பியது. அவர் போட்ட விதை, அவர் பதவியிழந்த பிறகு விளைந்தது. 1967-68இல் விளைச்சல் 9 கோடியே 50 லட்சம் டன்னைத் தொட்டது. 1968இல் கோதுமைப் புரட்சியைப் போற்றி அஞ்சல்தலை வெளியிட்டார் இந்திரா. 1970-71இல் விளைச்சல் 10 கோடி டன்னைக் கடந்தது.

1971இல் சி.எஸ். மீண்டும் மக்களவைக்குச் சென்றது கிருஷ்ணகிரியிலிருந்து. சேர்வராயன் மலையின் வடபுறம் நின்றால் அந்தத் திசையில் நிலம் விரிந்து கிடப்பது தெரியும். சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1965இல் தர்மபுரி மாவட்டமாகப் பிரிந்த வறண்ட பூமி. திட்டத் துறை அமைச்சரானார். அந்த ஆண்டில்தான் அவருடைய பழைய உழைப்புக்கு உண்மையான சோதனை வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. டிசம்பரில் போர் மூண்டது. அமெரிக்கா மறுபடியும் பொருளாதார உதவியை நிறுத்தியது. எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது. ஆறே ஆண்டு இடைவெளியில் அதே நாடு, அதே அழுத்தம். ஆனால், இம்முறை கிடங்குகளில் தானியம் இருந்தது. 1965இல் வராத கப்பலுக்கு அஞ்சிய நாடு, 1971இல் வந்த கப்பலுக்கு அஞ்சவில்லை. வங்கதேசப் போரின் வெற்றியைப் பேசும்போது படைத்தளபதிகளை நினைக்கிறோம். அது முறைதான். அந்த வரிசையின் கடைசியிலாவது உணவுக் கழகத்தின் கிடங்குக் காவலாளிக்கும் ஓர் இடம் உண்டு.

கதை அத்தோடு நேராக முடிந்துவிடவில்லை. 1972 வறட்சிக்குப் பிறகு மீண்டும் தானியம் வாங்க வேண்டியிருந்தது. 1973இல் சோவியத் ஒன்றியம் 20 லட்சம் டன் கோதுமையைக் கடனாகக் கொடுத்தது. 1974இல், பி.எல்.480 வழியாகச் சேர்ந்து அமெரிக்கக் கணக்கில் கிடந்த ரூபாயில் பெரும்பகுதியை, சுமார் 1,664 கோடியை, அமெரிக்கா இந்தியாவுக்கே விட்டுக்கொடுத்தது. ஒரு காலகட்டம் ஒரு காசோலையோடு முடிந்தது.

பிற்காலச் சி.எஸ்ஸைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். நெருக்கடிநிலைக் காலம் முழுவதும் அவர் நிதி அமைச்சராக இருந்தார். உரிமைகள் பறிக்கப்பட்டபோது அந்த அமைச்சரவையில் அவர் தொடர்ந்தது அவருடைய வாழ்க்கையில் நான் விரும்பிப் படிக்காத பக்கம். 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். உணவுத் துறையில் இருந்த மூன்று ஆண்டுகளில் நாட்டின் பாதுகாப்புக்கு அவர் செய்ததைப் பார்க்கும்போது, பாதுகாப்புத் துறையில் இருந்த சில மாதங்கள் சிறிய குறிப்பாகவே தோன்றுகின்றன. 1990இல் மகாராஷ்டிர ஆளுநரானார். 1998இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார், 90 வயதில்.

அவர் கொண்டுவந்த மாற்றம் எங்கள் மலைக்கு என்ன செய்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவருக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை. பசுமைப் புரட்சி நீர் பாயும் சமவெளியின் புரட்சி. மானாவாரியாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கும் மலைச்சரிவுக்கு அதில் இடமில்லை. விலை ஆணையம் நெல்லையும் கோதுமையையும் பார்த்த கண்ணால் சாமையைப் பார்க்கவில்லை. ரேஷன் அரிசி மலையேறியதும் புனங்கள் ஒவ்வொன்றாகக் காப்பிக்கும் மிளகுக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் மாறின. என் பாட்டி காலமானபோது, சடங்குக்குச் சாமை தேடி இரண்டு ஊர்களுக்கு ஆள் அனுப்பினோம். நாடு வெளியாரிடம் கையேந்துவது நின்றது. எங்கள் கிராமம் கீழிருந்து வரும் லாரியை எதிர்பார்க்கத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் மண்சரிவு அடைக்கும் மழைக்காலத்தில், கப்பலுக்குக் காத்திருந்த நாடு எப்படி இருந்திருக்கும் என்று எங்களால் ஊகிக்க முடியும். ஆனாலும், பசியால் மெலிந்த பிள்ளைகளை இன்று எங்கள் பள்ளியில் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நாட்டளவிலும் கயிறு முற்றாக அறுந்துவிடவில்லை, வேறிடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. சி.எஸ்ஸின் விதைகள் உரம் கேட்பவை. பொட்டாஷ் உரம் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. சீனா உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினால் டெல்டாவில் டிஏபி மூட்டைக்கு வரிசை நீள்கிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. தானியக் கிடங்கு நிறைந்திருப்பதை மட்டும் காட்டித் தன்னிறைவு பேசுகிறவர்களை, சி.எஸ். இருந்திருந்தால், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது நாம் கொடுக்கும் இடத்திலும் இருக்கிறோம். 2022இல் இலங்கை பொருளாதாரத்தில் நொறுங்கியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. அதில் இரக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது. 2017இல் 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம் நம் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று டெல்லிக்குத் தெரியும். கிளே குழு தன் பெயரில் எழுதிவைத்ததை நாம் பெயரில் எழுதவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் அனுப்பியது. மே மாதம் சென்னைத் துறைமுகத்தில் முதல் கப்பலில் மூட்டைகள் ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பவுடர் என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கில் அந்தப் பழைய சுவை, கொஞ்சம் தீய்ந்த, கொஞ்சம் இனித்த சுவை, வந்துபோனது. அந்த மூட்டைகளில் சில நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே லயத்து வாசலில் உட்கார்ந்து, யார் இவர்கள், எதற்காக அனுப்புகிறார்கள் என்று ஒரு பாட்டி தன் பேரனிடம் கேட்டிருப்பார்.